வெள்ளை நத்தைகளின் தீபகற்பம்

தெற்கு ஆஸ்திரேலியாவின் வரைபடத்தில், கடலுக்குள் நீண்டிருக்கும் ஒரு காலின் வடிவம் கண்ணில் படும். அதுதான் யார்க் தீபகற்பம். மேற்கே ஸ்பென்சர் வளைகுடா, கிழக்கே செயின்ட் வின்சென்ட் வளைகுடா. அடிலெய்டு நகரத்துக்கு நேர் எதிர்க்கரைதான் என்றாலும் சாலை வழியாகப் போகிறவர்கள் போர்ட் வேக்ஃபீல்டு வரை வடக்கே போய், வளைகுடாவின் தலையைச் சுற்றி, பிறகு தெற்கே இறங்க வேண்டும். இந்த மண்ணுக்கு ஆதியில் உரியவர்களான நருங்கா மக்கள் இதைக் குராண்டா என்று அழைக்கிறார்கள். மீன் பிடிக்கவும் அலைச்சறுக்கு விளையாடவும் ஊர் ஊராக ஆட்கள் இங்கே வருகிறார்கள். நான் நத்தைகளைப் பார்க்கப் போனேன்.

மழை பிடித்துவிட்டால் நம் ஊர் வாழைத் தோட்டத்திலும் காய்கறிப் பாத்தியிலும் நத்தை ஏறிவிடுகிறது. "என்ன மருந்து வைக்கலாம்?" என்பதுதான் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி. அதே கேள்வியைத் தலைமுறைகளாகக் கேட்டு, பல வழிகளைச் சோதித்து, அவற்றில் எது எப்போது பலிக்கும் என்று கண்டறிந்த விவசாயிகள் யார்க் தீபகற்பத்தில் இருக்கிறார்கள். அவர்களுடைய வயலில் நின்று அதைப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அடிலெய்டில் வேளாண் ஆலோசகராக இருக்கும் யாழ்ப்பாணத்துக் கோப்பாய்த் தம்பி ஒருவர் அழைத்துப் போக ஒப்புக்கொண்டார். "மார்ச்சில வாங்கோ அக்கா, அதுதான் சரியான நேரம்" என்று காலம் குறித்தவரும் அவர்தான். அங்கே மார்ச் என்றால் கோடை முடிந்து இலையுதிர்காலம் பிறக்கும் மாதம். அறுவடை முடிந்திருக்கும், விதைப்பு தொடங்கியிருக்காது. நத்தையை வெல்வதும் அதனிடம் தோற்பதும் அந்த இடைவெளியில்தான் தீர்மானமாகிறது என்பதை அங்கே போய்த் தெரிந்துகொண்டேன்.

போர்ட் வேக்ஃபீல்டைத் தாண்டித் தெற்கே திரும்பியபின் கடலோரம் வரும் ஊர் ஆர்ட்ரோசன். சிவந்த மண்மேடுகள் செங்குத்தாகக் கடலில் இறங்குகின்றன. இந்த ஊருக்கு உழவு வரலாற்றில் ஓர் இடம் உண்டு. 1876இல் ரிச்சர்டு போயர் ஸ்மித் என்பவர், தடை வந்தால் தானே மேலெழும்பித் தாண்டிப் போய் மறுபடி மண்ணில் இறங்கும் கொழு கொண்ட கலப்பையை உருவாக்கினார். அவருடைய தம்பி கிளாரன்ஸ் அதைச் செம்மைப்படுத்தி இந்த ஊரில் பட்டறை வைத்தார். குட்டையான மாலி யூகலிப்டஸ் காட்டை வெட்டிய பிறகும் அதன் வேர்க்கட்டைகளும் சுண்ணாம்புக் கற்களும் மண்ணுக்குள் கிடந்து சாதாரணக் கலப்பைகளை உடைத்துக்கொண்டிருந்த காலம் அது. அந்தக் கலப்பை வந்தபின்தான் இந்தத் தீபகற்பம் தானிய பூமியானது. வயல் ஓரங்களில் இன்றும் பொறுக்கிக் குவித்த வெள்ளைக் கற்கள் கிடக்கின்றன.

அந்தக் கற்கள்தான் நத்தைக் கதையின் முதல் எழுத்து. நத்தைக்கு ஓடு கட்டச் சுண்ணாம்பு வேண்டும். இங்கே மண்ணே சுண்ணாம்பு. குளிர்காலத்தில் மழை, கோடையில் வறட்சி என்று பருவமும் மத்தியதரைக் கடல் நாடுகளின் பருவத்தை ஒத்தது. அந்நாடுகளிலிருந்து கப்பல்களில், சரக்கோடு சரக்காக வந்து இறங்கிய நத்தைகளுக்குப் பிறந்த ஊரைவிட்டு வந்த குறையே இல்லாமல் போயிற்று. பிறந்த ஊரில் அவற்றைத் தின்று கட்டுக்குள் வைத்திருந்த எதிரிகள் மட்டும் கூட வரவில்லை.

மின்லேட்டன் ஊர் எல்லையில், தன்னை உலகின் பார்லித் தலைநகரம் என்று அந்த ஊர் அறிவித்துக்கொள்கிறது. ஊருக்குள் கண்ணாடிக் கூடத்தில் ஒரு சிவப்பு விமானம் நிற்கிறது. உள்ளூர்க்காரரான கேப்டன் ஹாரி பட்லர் 1919 ஆகஸ்டில் அடிலெய்டிலிருந்து தபால்களோடு வளைகுடாவைக் கடந்து பறந்து வந்த விமானம் அது. இருபுறமும் கண்ணுக்கெட்டிய தூரம் அறுத்துவிட்ட வயல்கள். பழுப்பு நிற அரிதாள் வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது. வாரூக்காவை நெருங்கும்போது தம்பி வண்டியை ஓரம் கட்டி, "அந்த வேலியைப் பாருங்கோ அக்கா" என்றார்.

வேலிக்கம்பங்கள் இடுப்புயரத்துக்கு மேல் வெள்ளையாக இருந்தன. சுண்ணாம்பு அடித்திருக்கிறார்கள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அருகில் போனதும் அந்த வெள்ளை ஓடுகளாகப் பிரிந்து தெரிந்தது. ஒன்றன்மேல் ஒன்றாக, கம்பத்தின் மரம் தெரியாதபடி, நூற்றுக்கணக்கான நத்தைகள். ஒன்றை விரலால் மெதுவாகப் பெயர்த்தேன். காய்ந்த பிசின் உடைகிற சன்னமான ஓசையோடு கழன்று வந்தது. ஓட்டின் வாயை மெல்லிய சவ்வு ஒன்று மூடியிருந்தது. தன் வழவழப்பையே உலர்த்தித் திரையாக்கி, அதற்குப் பின்னால் ஈரத்தைப் பத்திரப்படுத்திக்கொண்டு உயிரோடு உறங்குகிறது. இது அவற்றின் கோடை உறக்கம். தரை கொதிக்கும் மாதங்களில் மண்ணைவிட்டு விலகி உயரத்தில் ஏறிவிட்டால் உடம்பு வேகாமல் தப்பலாம். வெள்ளை ஓடும் வெயிலைத் திருப்பி அனுப்புகிறது. வேலிக்கம்பம், காய்ந்த களைச்செடி, அரிதாள் என்று தரைக்கு மேலே நிற்பது எதுவானாலும் அதில் ஏறிக்கொள்கின்றன.

தம்பி பையிலிருந்து உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்துக் கொடுத்தார். இந்த வட்டாரத்தில் விவசாயிகளை வாட்டும் வேற்று நத்தைகள் நான்கு இனம். இரண்டு உருண்டை, இரண்டு கூம்பு. உருண்டைகளில் ஒன்று வெள்ளை இத்தாலிய நத்தை, மற்றது சாதாரண வெள்ளை நத்தை. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். ஓட்டைக் கவிழ்த்துப் பார்த்தால் சுருளின் நடுவே தொப்புளாக ஒரு குழி இருக்கும். அது முழு வட்டமாகத் திறந்திருந்தால் சாதாரண வெள்ளை. பாதி மூடி அரைவட்டமாகத் தெரிந்தால் இத்தாலியன். கூம்பு நத்தைகளில் பெரியது நெல்லைவிட நீளமானது, ஏறக்குறைய 18 மில்லிமீட்டர் வரை வளரும். சிறியது 8 முதல் 10 மில்லிமீட்டர். அந்தச் சிறிய கூம்பைக் கையில் வைத்துக்கொண்டு, "இதுதான் இவையளுக்குப் பெரிய தலையிடி" என்றார் தம்பி. காரணத்தை அவர் நண்பரின் பண்ணைக்குப் போனபிறகு பார்த்தேன்.

பண்ணைக்காரர் அறுபதைத் தாண்டியவர். தாத்தா காலத்து நிலம். பார்லி, கோதுமை, மைசூர்ப் பருப்பு என்று மாற்றி மாற்றிப் பயிர் வைக்கிறார். கொட்டகைக்குள் அழைத்துப் போய், தகரத் தட்டில் ஒரு கை பருப்பைக் கொட்டிக் காட்டினார். தோல் நீக்காத, பழுப்பு நிற மைசூர்ப் பருப்பு. அதற்குள் விரலை ஓட்டினால் இடையிடையே வெண்மையாக ஏதோ இடறியது. கூம்பு நத்தைகள். பருப்பின் அளவே அவற்றின் அளவும். சல்லடை பருப்பை விட்டால் நத்தையையும் விடுகிறது. நத்தையைப் பிடித்தால் பருப்பையும் பிடிக்கிறது.

நத்தை இளம்பயிரைக் கடிப்பதால் வரும் நஷ்டம் உண்டு. முளைவிட்ட பருப்புச் செடியையும் எண்ணெய் வித்துப் பயிரான கனோலாவையும் ஒரே இரவில் மொட்டையடித்துவிடும். ஆனால் இங்கத்திய விவசாயி பயப்படுவது அறுவடை நாளை நினைத்து. வசந்தம் முடியும்போது நத்தைகள் முற்றிய பயிரின் மேலே ஏறிவிடுகின்றன. அறுவடை இயந்திரம் கதிரோடு அவற்றையும் அள்ளிக்கொள்கிறது. நசுங்கிய நத்தையின் பிசுபிசுப்பு இயந்திரத்தின் சல்லடைகளை அடைக்கிறது, தானியத்தின் ஈரத்தைக் கூட்டுகிறது, பூசணம் பிடிக்க வைக்கிறது. கொள்முதல் நிலையத்தில் கோதுமைக்கு அரை லிட்டர் மாதிரியில் ஒரு நத்தைக்கு மேல் இருக்கக்கூடாது என்பது அந்நாட்டுத் தர விதி. உயிருள்ளதா செத்ததா என்ற பேச்சே கிடையாது. விதியை மீறினால் லாரி திரும்ப வேண்டும், அல்லது சுத்தம் செய்யும் செலவை ஏற்க வேண்டும். இறக்குமதி செய்யும் நாட்டுத் துறைமுகத்தில் நத்தை கண்ணில் பட்டால் கப்பலுக்கே சிக்கல்.

இந்த இடத்தில் தம்பி ஒரு நிமிடம் பேசாமல் நின்றார். பிறகு சொன்னார்: "அம்மா ஒவ்வொரு நாளும் வைக்கிற பருப்புக்கறி அக்கா. சின்னனில எங்கட ஊரிலதான் விளையுது எண்டு நினைச்சிருந்தன். இஞ்சயிருந்தும் கனடாவில இருந்தும்தான் வருதெண்டு படிக்க வந்தபிறகுதான் தெரியும்." உண்மைதான். ஆஸ்திரேலியாவில் மைசூர்ப் பருப்பு விளையும் முக்கியமான வட்டாரங்களில் யார்க் தீபகற்பம் ஒன்று. இந்தியா, வங்கதேசம், இலங்கை ஆகியவை அதன் பெரிய சந்தைகள். யாழ்ப்பாணத்து அடுப்பில் தேங்காய்ப்பால் விட்டு வேகும் பருப்புக்கும், வாரூக்கா வேலிக்கம்பத்தில் உறங்கும் நத்தைக்கும் இடையில் ஒரு நேரான சங்கிலி இருக்கிறது.

கோதுமை, பார்லி மணிகளிலிருந்து நத்தையைப் பிரிக்க உருளை இயந்திரம் வைத்திருக்கிறார்கள். இரண்டு உருளைகளுக்கு நடுவே மணி நுழையும் அளவு இடைவெளி. அதைவிடப் பெரிய நத்தை நசுங்கிப் பொடியாகும், பொடியைச் சலித்துவிடலாம். பருப்பும் நத்தையும் ஒரே அளவாக இருக்கும்போது இந்த வித்தைக்கு வழியில்லை. ஆகவே நத்தையை வயலிலேயே, அதுவும் அறுவடைக்கு ஏழெட்டு மாதம் முன்பே குறைத்தாக வேண்டும். இந்நாட்டின் தானிய ஆராய்ச்சி மேம்பாட்டுக் கழகம் வெளியிட்ட வழிகாட்டி நூலின் தலைப்பே அந்த வரிசையைச் சொல்லிவிடுகிறது: அடி, எரி, தீனி வை. நச்சுத் தீனி மூன்றாவதாக வருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

அடிப்பது என்றால் என்ன என்று பண்ணைக்காரர் வயலில் காட்டினார். கனமான கம்பிவடம் அல்லது சங்கிலியை இரண்டு வண்டிகளுக்கு இடையே கட்டி அரிதாளின் மேல் இழுத்துப் போவார்கள். சிலர் கனத்த உருளையை ஓட்டுவார்கள். தாள் சாய, அதில் ஏறியிருந்த நத்தைகள் தரையில் விழும். வெப்பநிலை 35 பாகைக்கு மேல் போகும் நாளாகப் பார்த்து, அதுவும் அடுத்தடுத்து வெயில் காயும் நாட்களாகப் பார்த்து இதைச் செய்ய வேண்டும். கொதிக்கும் மண்ணில் விழுந்த நத்தை மறுபடி ஏற இடமில்லாமல் அங்கேயே வெந்து சாகிறது. மருந்துச் செலவு இல்லை. வேறு உயிருக்குக் கேடு இல்லை. வெயிலே ஆயுதம். கல்லைப் புரட்டிவிடுவதும் களையை முன்கூட்டியே அழிப்பதும் இதோடு சேர்ந்தவை. கல்லடி நிழலும் களையின் தண்டும் நத்தைக்கு அடைக்கலம்.

எரிப்பது பழைய முறை. அரிதாளை ஒரே சீராக எரித்தால் பெரும்பகுதி நத்தை போய்விடும். ஆனால் இந்த மண் மணற்பாங்கானது. தாளை எரித்துவிட்டால் காற்று மேல்மண்ணை அள்ளிக்கொண்டு போகும். இங்கேதான் ஒரு கடினமான உண்மை இருக்கிறது. முன்பு வயலை எரித்தார்கள், பலமுறை உழுதார்கள். மண் பாழானது, கூடவே நத்தையும் செத்தது. கடந்த சில பத்தாண்டுகளில் மண்ணைக் காக்க உழவில்லா விதைப்புக்கு மாறினார்கள், தாளை வயலிலேயே விட்டார்கள். மண் பிழைத்தது, கூடவே நத்தையும் பிழைத்தது. நல்ல வேளாண்மை செய்ததற்கு விலையாகத்தான் நத்தை பெருகியது. அதனால் மண்ணைக் காக்கும் முறையைக் கைவிடலாமா என்று கேட்டேன். பண்ணைக்காரர் தலையை அழுத்தமாக அசைத்து மறுத்தார். மண் போனால் திரும்ப வராது, நத்தையோடு இன்னும் கொஞ்சம் கவனமாக வாழப் பழகலாம் என்றார்.

இனி நச்சுத் தீனிக்கு வருவோம். கொட்டகையின் பூட்டிய அறையில் மூட்டைகள் அடுக்கியிருந்தன. பண்ணை நாய்கள் இரண்டு எங்கள் கூடவே வந்தன. அவற்றை வெளியே நிறுத்திவிட்டுத்தான் கதவைத் திறந்தார். மெட்டால்டிஹைடு கலந்த குருணை நாய்க்கு எமன். தவிடும் மாவும் சேர்ந்த வாசனைக்கு நாய் அதைத் தின்றுவிட்டால் வலிப்பு வந்து சாகக்கூடும். முகாம்களில் அடுப்பெரிக்கப் பயன்பட்ட திட எரிபொருள்தான் மெட்டால்டிஹைடு. அது நத்தையைக் கொல்லும் என்பது 1930களில் தெரியவந்தது. தவிட்டில் கலந்து வைக்கத் தொடங்கினார்கள். அன்றுமுதல் உலகெங்கும் நத்தைக்குப் பரவலான மருந்தாக அது இருந்தது. அதைத் தின்ற நத்தை அளவில்லாமல் வழவழப்பைச் சுரந்து, செயலிழந்து, அதே இடத்தில் உலர்ந்து சாகும். ஆனால் ஈரம் மிகுந்த இரவில் இழந்த நீரை மீட்டுக்கொண்டு பிழைத்து எழுவதும் உண்டு. மழைநீரில் கரைந்து நீர்நிலைகளுக்குப் போவதாலும் காட்டுயிர்களுக்குக் கேடு என்பதாலும் பிரிட்டனில் 2022 மார்ச் இறுதியோடு திறந்தவெளிப் பயன்பாட்டுக்குத் தடை வந்துவிட்டது. ஆஸ்திரேலியாவில் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது.

மற்றொரு மூட்டையில் இரும்பு சேர்ந்த குருணை. நாம் சத்தென்று சொல்லும் அதே இரும்புதான். இரும்பு பாஸ்பேட்டாகவோ, இடிடிஏ என்ற சேர்மத்தோடு பிணைந்த இரும்பாகவோ நத்தையின் வயிற்றுக்குள் போனால் அதன் குடல் கெட்டுப்போகிறது. நத்தை தின்பதை நிறுத்துகிறது. எங்காவது ஒதுங்கி, சில நாளில் சாகிறது. ஈரமான காலத்திலும் பலிக்கும். செத்த நத்தை கண்ணெதிரே குவிந்து கிடக்காததால், மருந்து வேலை செய்யவில்லை என்று பலர் ஆரம்பத்தில் ஒதுக்கினார்களாம். இரும்பு பாஸ்பேட்டை இயற்கை வேளாண்மையிலும் பல நாடுகள் அனுமதிக்கின்றன. விலை கூடுதல். வேலியோரத்திலும் வீட்டுப் பக்கத்திலும் இதையே போடுகிறார் பண்ணைக்காரர்.

எதைப் போடுவது என்பதைவிட, போடலாமா என்று முடிவு செய்வதற்கே அவர் அதிக நேரம் செலவிடுகிறார். கையில் ஒரு இரும்புச் சட்டம் வைத்திருந்தார். பக்கத்துக்கு 32 சென்டிமீட்டர் உள்ள சதுரம். அதாவது ஒரு சதுர மீட்டரில் பத்தில் ஒரு பங்கு. வயலில் நடந்து, அங்கங்கே சட்டத்தைப் போட்டு, உள்ளே அகப்பட்ட நத்தைகளை எண்ணினோம். தானியம் விதைக்கப்போகும் வயலில் சதுர மீட்டருக்கு 20 உருண்டை நத்தைகள் இருந்தால் தீனி போட வேண்டும். பருப்பும் கனோலாவும் விதைக்கப்போகும் வயலில் 5 இருந்தாலே போட வேண்டும். அப்படியென்றால் பருப்பு வயலில் இரண்டு சட்டத்துக்கு ஒரு நத்தை அகப்பட்டாலே எல்லையைத் தொட்டுவிட்டது என்று பொருள். நாங்கள் எண்ணிய வயலின் நடுவில் பல சட்டங்கள் காலியாக இருந்தன. வேலியோரத்துச் சட்டம் ஒவ்வொன்றிலும் நத்தைகள் நெருங்கிக் கிடந்தன. முழு வயலுக்கும் போட வேண்டிய தேவையில்லை, ஓரத்துக்குப் போட்டால் போதும் என்று அந்த எண்ணிக்கையே சொல்லிவிட்டது.

அன்றிரவு டார்ச் விளக்கோடு வயலுக்குப் போனோம். பகலெல்லாம் காய்ந்த வெயிலுக்குப் பிறகு கடற்காற்று ஈரத்தைக் கொண்டுவந்திருந்தது. மழை ஒரு சொட்டும் இல்லை. பனி மட்டும் இறங்கியிருந்தது. பகலில் அசையாமல் ஒட்டியிருந்த கம்பத்து நத்தைகளில் பல சவ்வைக் கிழித்துக்கொண்டு விழித்திருந்தன. கொம்புகளை நீட்டி, கம்பத்தைவிட்டுக் கீழே இறங்கிக்கொண்டிருந்தன. ஒரு நத்தையைப் பின்தொடர்ந்து விளக்கைப் பிடித்தேன். மாலையில் தூவிய குருணை ஒன்றிலிருந்து ஒரு விரற்கடை தூரத்தில் அது கடந்து போனது, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சற்றுத் தள்ளி இன்னொரு நத்தையின் வழியிலேயே ஒரு குருணை கிடந்தது. முட்டியதும் நின்று, உதடு பதித்து அரிக்கத் தொடங்கியது.

அந்தக் காட்சியில் முழுப் பாடமும் இருக்கிறது. தீனி தூரத்திலிருந்து நத்தையைக் கவர்ந்து இழுப்பதில்லை. நத்தை போகிற வழியில் தீனி அகப்பட வேண்டும். அதனால்தான் சதுர மீட்டருக்குக் குறைந்தது 30 குருணையாவது விழ வேண்டும் என்கிறார்கள். நத்தை மிகுந்திருந்தால் 60. அந்த இரும்புச் சட்டத்துக்குள் 3 குருணையாவது தெரிய வேண்டும். உரம் தூவும் இயந்திரத்தில் போட்டுக் கண்மூடித்தனமாக வீசினால் ஓரிடத்தில் குவியும், ஓரிடத்தில் ஒன்றுமே விழாது. அந்தக் காலி இடத்து நத்தைகள் போதும், அடுத்த ஆண்டு வயலை நிரப்ப. பண்ணைக்காரர் தூவிய பிறகு வயலில் நடந்து சட்டத்தைப் போட்டுக் குருணையையும் எண்ணுகிறார்.

காலம் இன்னும் முக்கியம். அடிலெய்டில் இருக்கும் தெற்கு ஆஸ்திரேலிய ஆராய்ச்சி மேம்பாட்டு நிறுவனத்தின் பூச்சியியலாளர்கள் வயல்களில் கேமராக்களை நிறுத்தி, நத்தைகளின் இரவு நடமாட்டத்தைத் தொடர்ந்து படம் பிடித்தார்கள். மழை விழுந்தபிறகுதான் நத்தை எழும் என்பது பழைய நம்பிக்கை. காற்றில் ஈரம் ஏறினாலே, மழைக்கு முன்பே, கோடையின் கடைசியிலேயே அவை எழுந்து நடக்கின்றன என்பதைப் படங்கள் காட்டின. விழித்தெழுந்து, தின்று, இணைசேர்ந்து, மண்ணில் முட்டையிடுவது வரை சில வாரங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு நத்தையும் ஆணும் பெண்ணுமான இருபாலி. ஆகவே ஒவ்வொன்றும் முட்டையிடும், நூற்றுக்கணக்கில். முட்டை இட்டுவிட்டால் கதை முடிந்தது. 7 மில்லிமீட்டருக்குக் குறைந்த குஞ்சுகள் தீனியை நம்பத்தகுந்தபடி தின்பதில்லை. குளிர்காலத்தில் பயிர் வளர்ந்தபின் நத்தைக்குச் சுற்றிலும் பசுந்தழை இருக்கும்போது காய்ந்த குருணையை அது ஏன் தேடப்போகிறது? வசந்தத்தில் நத்தையைக் கண்டு பதறி மருந்து போடுவது பணத்தை மண்ணில் போடுவது. அறுவடைக்குச் சுமார் 2 மாதம் முன்பே தீனி போடுவதை நிறுத்தியாகவும் வேண்டும். குருணை தானியத்தில் கலந்துவிட்டால் நத்தையைவிடப் பெரிய குற்றம் அது.

மறுநாள் கூம்பு நத்தைக்கு எதிராக வேறொரு படையைப் பற்றித் தெரிந்துகொண்டேன். 2000களின் தொடக்கத்தில் ஐரோப்பாவிலிருந்து ஒரு ஈயைக் கொண்டுவந்து இந்தத் தீபகற்பத்தில் விட்டார்கள். சதை ஈ வகையைச் சேர்ந்தது. கோடை உறக்கத்தில் இருக்கும் கூம்பு நத்தையின் மேல் தாய் ஈ உயிருள்ள புழுவை ஈனும். புழு உள்ளே நுழைந்து நத்தையைத் தின்று வளரும். ஈ நிலைத்துவிட்டது, ஆனால் எதிர்பார்த்த அளவு பரவவில்லை. இங்குள்ள நத்தைகளுக்கு நெருங்கிய சொந்தம் மொராக்கோ கடற்கரையில் இருப்பதை மரபணுச் சோதனையில் கண்டு, அங்கிருந்து அதே ஈயின் வேறொரு கால்வழியைக் கொண்டுவந்து, பின்னர் அதையும் விட்டிருக்கிறார்கள். ஈக்குத் தேன் வேண்டும். வயலோரத்தில் பூக்கும் செடிகள் இருந்தால் அது தங்கும் என்று அவற்றை வளர்க்கச் சொல்கிறார்கள்.

விடுவதற்கு முன் அந்த ஈ ஆஸ்திரேலியாவின் சொந்த நத்தைகளைத் தாக்குமா என்று சோதித்தார்கள். அந்தப் பொறுமைக்குப் பின்னால் ஒரு துயரம் இருக்கிறது. ராட்சத ஆப்பிரிக்க நத்தையை ஒழிக்க என்று 1955இல் ஹவாயிலும் 1977இல் பிரெஞ்சு பாலினீசியாவின் மூரியா தீவிலும் நத்தையைத் தின்னும் செந்நத்தை ஒன்றை விட்டார்கள். அது ஆப்பிரிக்க நத்தையை விட்டுவிட்டு, அத்தீவுகளுக்கே உரிய சிறிய மர நத்தைகளைத் தின்று தீர்த்தது. மூரியாவின் காட்டில் பார்ட்டுலா இன நத்தைகள் சில ஆண்டுகளிலேயே இல்லாமல் போயின. மருந்தானாலும் உயிரானாலும், விடுவது எளிது; திரும்ப அழைப்பது நடக்காத காரியம்.

தீபகற்பத்தின் பாதத்தில் தில்பா குராண்டா–இன்னஸ் தேசியப் பூங்கா இருக்கிறது. சுண்ணாம்புப் பாறைகளில் தெற்குப் பெருங்கடல் வந்து மோதுகிறது. நருங்கா மக்களும் அரசும் விவசாயிகளும் சேர்ந்து மர்னா பங்காரா என்ற திட்டத்தின் கீழ் 25 கிலோமீட்டர் நீள வேலி அமைத்து, நரியும் பூனையும் நுழைவதைக் கட்டுப்படுத்தி, இங்கிருந்து அழிந்துபோன விலங்குகளை மீட்டுக்கொண்டுவருகிறார்கள். சிறு கங்காரு வகையான பெட்டாங்கை 2021இல் முதலில் விட்டார்கள். மண்ணைக் கிளறிப் பூஞ்சை தோண்டித் தின்னும் பிராணி அது. அதன் காடும் பார்லி வயலும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. வயலில் எதைத் தூவுகிறோம், எவ்வளவு தூவுகிறோம், எங்கே நிறுத்துகிறோம் என்பது இனி அந்த வயலோடு முடிந்துபோகும் விஷயமாக இருக்காது.

திரும்பும் வழியில் கிழக்குக் கரையில் போர்ட் ஜைல்ஸ். ஆழமான நீரை எட்டும் நீண்ட பாலத்தின் முனையில் தானியக் கப்பல்கள் வந்து நிற்கும் துறை. கரையில் வெண்ணிறத் தானியக் கோபுரங்கள். அங்கே மாதிரி எடுத்துச் சல்லடையில் இட்டு எண்ணுகிற வேலைக்கும், நேற்று நாங்கள் இரும்புச் சட்டத்துக்குள் எண்ணிய வேலைக்கும் வேறுபாடில்லை. வயல் எண்ணிக்கையை மார்ச்சில் ஒழுங்காகச் செய்தவருக்குத் துறைமுக எண்ணிக்கையைப் பற்றி டிசம்பரில் கவலையில்லை.

நம் பக்கத்துக் கதையும் இதோடு சேர்ந்ததுதான். ராட்சத ஆப்பிரிக்க நத்தை 1847இல் மொரீஷியசிலிருந்து கல்கத்தாவுக்கு ஒருவர் ஆர்வத்தில் கொண்டுவந்து தோட்டத்தில் விட்டதால் இந்தியாவில் கால்பதித்தது. இலங்கைக்கு 1900 வாக்கில் வந்து சேர்ந்தது. இன்று கேரளத்தில் வாழை, ரப்பர், கிழங்கு என்று எதையும் விடுவதில்லை; தமிழ்நாட்டிலும் பல இடங்களில் பரவியிருக்கிறது. பீச்சியிலுள்ள கேரள வன ஆராய்ச்சி நிறுவனத்தார் ஊர் மக்களைத் திரட்டி, ஈரச் சாக்கில் முட்டைக்கோஸ், பப்பாளி இலைகளை வைத்து நத்தைகளை ஓரிடத்தில் சேர்த்து, புகையிலைக் கஷாயமும் மயில்துத்தமும் கலந்த கரைசலால் அழிக்கும் முறையைப் பரப்பினார்கள். அதன் வெற்றியும் மருந்தில் மட்டும் இல்லை. ஒரு தெருவே சேர்ந்து ஒரே சமயத்தில் செய்ததில் இருந்தது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் சும்மா இருந்தால் அவருடைய நத்தை நாளை நம் தோட்டத்துக்கு வரும்.

ஆகவே இதைப் படிக்கும் விவசாயிகளுக்கும் வீட்டுத்தோட்டக்காரர்களுக்கும் என் வேண்டுகோள் இது. மருந்துக் கடைக்குப் போவதற்கு முன் இரவில் ஒரு விளக்கை எடுத்துக்கொண்டு தோட்டத்தில் நடந்து பாருங்கள். எத்தனை இருக்கின்றன, எங்கே ஒதுங்குகின்றன என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் மழைக்குப் பிறகு, அவை முட்டையிடும் முன், கையுறை போட்டுப் பொறுக்குங்கள். வெறும் கையால் தொடாதீர்கள். மூளைக்காய்ச்சல் உண்டாக்கும் எலி நுரையீரல் புழு ஆப்பிரிக்க நத்தையில் இருக்கக்கூடும். உப்பைக் கொட்டி மண்ணைக் கெடுக்காதீர்கள். மரக்குவியலையும் குப்பையையும் அகற்றி ஒதுங்க இடமில்லாமல் செய்யுங்கள். இவ்வளவும் செய்து மிஞ்சினால் தீனி வையுங்கள். நாயும் குழந்தையும் எட்டாத இடத்தில், இரும்பு சேர்ந்த குருணையாகப் பார்த்து, நத்தை நடக்கும் வழியில் சீராக வையுங்கள். வெளியூரிலிருந்து நாற்றோ மண்ணோ கொண்டுவந்தால் அதில் நத்தையோ முட்டையோ இருக்கிறதா என்று உதறிப் பாருங்கள். யார்க் தீபகற்பத்தார் தலைமுறைகளாக விலை கொடுத்துக் கற்றது இதுதான்: நத்தையைத் தோற்கடிப்பது மருந்தின் வீரியத்தைவிட, அதன் நடையையும் பருவத்தையும் அறிந்தவரின் முன்னெச்சரிக்கை.